கோப்புறை தவறான செயலியில் திறந்தால்: சாளரமா, கட்டளையா, கைத்திருத்தமா?

லினக்ஸ் கணினியில் கோப்புறையைத் திறக்கச் சொன்னால் கோப்பு மேலாளர் வர வேண்டும். சில நேரம் அது வராமல், வட்டில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று வண்ண வளையம் போட்டுக் காட்டும் பாவோபாப் வந்து நிற்கும். சில கணினிகளில் நிரல் எழுதப் பயன்படும் விஎஸ் கோட் வரும். வேறு சிலவற்றில் ஏதோ ஒரு படத்தொகுப்புச் செயலி வந்து கோப்புறையில் உள்ள படங்களை மட்டும் காட்டிவிட்டு மற்றவற்றை மறைத்துவிடும்.

மண்டபத்தில் என் மைத்துனர் நடத்தும் நகலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது நான்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் அங்கே கூட்டம் அலைமோதும். நிவாரணத்துக்கு வேண்டிய ஆதார் அட்டை, ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து குடும்பத்துக்கு ஒரு கோப்புறையாக வைப்பார்கள். வரிசை வாசல் தாண்டி நிற்கும்போது வண்ண வளையத்தை யாரும் ரசிப்பதில்லை.

காரணம் எளியது. லினக்ஸில் ஒவ்வொரு செயலியும் தன்னால் எந்தெந்த வகைக் கோப்புகளைத் திறக்க முடியும் என்று ஒரு சிறிய அறிவிப்புக் கோப்பில் சொல்லிவைக்கிறது. கோப்புறைக்கும் அப்படி ஒரு வகைப் பெயர் உண்டு: ஐநோட்/டைரக்டரி. பாவோபாப் தன்னாலும் கோப்புறையைத் திறக்க முடியும் என்று அறிவித்திருக்கிறது. அது பொய்யில்லை, அளப்பதற்காகத் திறக்கிறது. 'இதில்தான் திறக்க வேண்டும்' என்று நாம் சொல்லாதவரை, அறிவித்தவர்களில் யார் முந்துவார் என்பதற்கு லினக்ஸ் செயலிகளுக்கான பொது விதிமுறையில் உத்தரவாதம் இல்லை. பெரிய மேசைத்தளங்கள், அதாவது திரை, பட்டியல், கோப்பு மேலாளர் எல்லாம் சேர்ந்த தொகுப்புகள், தங்களுக்கென ஒரு முன்னுரிமைப் பட்டியலை வைத்தே வருகின்றன. ஒரு தளத்தில் இன்னொரு தளத்தின் மென்பொருள்களைக் கலந்து நிறுவும்போதுதான் பெரும்பாலும் இந்தக் கோளாறு எட்டிப்பார்க்கிறது. கடையின் இரண்டாவது கணினி, மைத்துனரின் மகளுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினி. விண்டோஸும், இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்த பழைய வகை. அதில் இப்போது ஓடுவது எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ தளம், கூடவே க்னோம் என்ற இன்னொரு தளத்திலிருந்து எடுத்துப் போட்ட சில கருவிகள். கலப்பு என்றால் அதுதான் கலப்பு.

தொல்லை தரும் செயலியையே நீக்கிவிடலாமே என்பார்கள். வேண்டாத செயலி என்றால் தாராளமாக நீக்கலாம், பேச்சே இல்லை. வேண்டிய செயலி என்றால் இருப்பது மூன்று வழிகள்.

முதலாவது, சாளரம் வழியாக மாற்றுவது. கோப்புறையின் மேல் வலது சொடுக்கு, 'வேறு செயலியில் திற', பட்டியலில் கோப்பு மேலாளரைத் தேர்ந்து 'எப்போதும் இதையே பயன்படுத்து' என்ற கட்டத்தில் குறியிடுவது. எக்ஸ்எஃப்சிஇயில் அமைப்புகளுக்குள் இயல்புநிலைச் செயலிகள் என்ற பகுதியும் உண்டு. கோப்பு மேலாளரைத் தேர்வதற்கு ஓர் இடம், கோப்பு வகைகளின் நீண்ட பட்டியலுக்கு இன்னோர் இடம் என்று அங்கே இரண்டு இருப்பதால் இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது. ஒருவர் மட்டும் புழங்கும் வீட்டுக் கணினிக்கு இது போதும். எதையும் தட்டச்சு செய்ய வேண்டாம்.

இரண்டாவது, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தில் எக்ஸ்டிஜி-மைம் என்ற கட்டளை. இப்போது கோப்புறைக்கு யார் பொறுப்பு என்று கேட்கவும் இதுவே, மாற்றவும் இதுவே. கேட்பதற்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் இதில் கேட்டுவிட்டுத்தான் நான் தொடங்குவேன். மாற்றுவதில்தான் எனக்கு மனக்குறை. செயலியின் பெயரில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்தாலும் வாய் திறக்காமல் எழுதிவைத்துவிடும். க்னோம் பக்கத்து ஜியோ கட்டளை அப்படியில்லை, இல்லாத பெயரைக் கொடுத்தால் முகத்துக்கு நேரே மறுத்துவிடுகிறது. கட்டளைதான் வேண்டும் என்பவர்களுக்கு ஜியோவைச் சொல்வேன்.

மூன்றாவது, நான் தேர்ந்துகொண்டது: நம் பயனர் கணக்கின் ஹோம் கோப்புறையில் கான்ஃபிக் என்ற மறைவான கோப்புறைக்குள் இருக்கும் மைம்ஆப்ஸ் பட்டியல் கோப்பைக் கையாலேயே திருத்துவது. உண்மையில் முதல் இரண்டு வழிகளும் கடைசியில் வந்து எழுதுவது பெரும்பாலும் இந்தக் கோப்பில்தான். பிறகு ஏன் கையால் என்று கேட்டால், ஒரே காரணம்தான்: இன்று சரிசெய்தது அடுத்த வருடமும் சரியாக இருக்க வேண்டும்.

மென்பொருள்கள் காலப்போக்கில் தங்கள் அறிவிப்புக் கோப்பின் பெயரை மாற்றிக்கொள்கின்றன. க்னோமின் கோப்பு மேலாளரான நாட்டிலஸே ஒரு காலத்தில் வெறும் நாட்டிலஸ் என்ற பெயரில் இருந்து, பின்னர் முன்னால் ஆர்க், க்னோம் என்று நீண்ட பெயருக்கு மாறியது. பழைய பெயரை எழுதிவைத்திருந்தால், பதிப்பை மேம்படுத்திய மறுநாள் அந்த வரி செத்துப்போகும். பிழைச் செய்தி எதுவும் வராது. கணினி அந்த வரியைத் தாண்டிப் போய் அடுத்து அகப்பட்டவரிடம் கோப்புறையைக் கொடுத்துவிடும். 'போன வருடமே சரிசெய்தோமே' என்று நாம் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

சாளரமோ எக்ஸ்டிஜி-மைமோ நம்மிடம் ஒரு பெயரைத்தான் கேட்கும். கோப்பிலோ ஒரே வரியில் பல பெயர்களை அரைப்புள்ளியிட்டு வரிசையாக எழுதலாம். விதிமுறை அதை அனுமதிக்கிறது: இடமிருந்து வலமாகப் பார்த்து, நிறுவப்பட்டிருக்கும் முதல் செயலியை எடுத்துக்கொள்ளும். கடையில் முதலில் எக்ஸ்எஃப்சிஇயின் கோப்பு மேலாளரான துனார், அடுத்து நீமோ என்ற இன்னொரு மேலாளர், கடைசியில் நாட்டிலஸ் என்று எழுதியிருக்கிறேன். ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று. கோப்பு மேலாளர் அல்லாத எதுவும் குறுக்கே வராது.

அதே கோப்பில் நீக்கப்பட்ட தொடர்புகள் என்ற பொருளில் ஒரு பகுதி உண்டு. அதில் கோப்புறை வகைக்கு எதிரே பாவோபாப்பின் பெயரை எழுதிவிட்டால், அது உரிமை கோருவதையே கணினி காதில் வாங்காது. பாவோபாப்பைத் தனியாகத் திறந்து பயன்படுத்துவதில் தடை ஏதும் இல்லை. செயலியையும் வைத்துக்கொண்டு தொல்லையையும் நீக்குவதற்கு இவ்வளவு நேரடியான வழி வேறில்லை என்பது என் எண்ணம்.

இன்னொரு வசதியும் உண்டு. எங்கள் கரையில் உப்புக்காற்று மின்பலகையையும் இணைப்பிகளையும் அரித்துக்கொண்டே இருக்கும். வேறு கணினிக்கு மாறுவது இங்கே அபூர்வமான செய்தி அல்ல. திருத்திய கோப்பின் ஒரு நகலைப் பென் டிரைவில் வைத்திருந்தால் புதிய கணினியில் அப்படியே போட்டுவிடலாம். எல்லாப் பயனர் கணக்குகளுக்கும் பொதுவாக வேண்டுமானால் கணினி முழுவதற்குமான அமைப்புகள் இருக்கும் எடிசி கோப்புறைக்குள் எக்ஸ்டிஜி கோப்புறையில் வைக்க வேண்டும். ஆனால் பயனரின் சொந்தக் கோப்பு அதை மீறும் என்பதை மறக்கக் கூடாது.

பலர் உட்காரும் கடைக் கணினியில் அந்த மீறல்தான் அடுத்த சிக்கல். வாடிக்கையாளர் யாராவது 'எப்போதும் இதையே' கட்டத்தில் குறியிட்டுப் போய்விட்டால் நம் வரிசை அங்கேயே குலையும். கோப்பை வாசிப்புக்கு மட்டும் என்று மாற்றினால் போதாது. சாளரம் பழைய கோப்பின் மேல் எழுதுவதில்லை, புதிதாக ஒன்றை எழுதி அதன் இடத்தில் வைத்துவிடுகிறது. கோப்புறையில் எழுத உரிமை இருக்கும்வரை இதைத் தடுக்க முடியாது. லினக்ஸ் வட்டுகளில் பரவலான எக்ஸ்டி4 கோப்பு முறைமையில் நிர்வாகி உரிமையோடு சேட்டர் கட்டளையால் 'மாறாத' குறியை இட்டால்தான் உண்மையான பூட்டு. அதற்கு விலையும் உண்டு. பிடிஎஃப் எதில் திறக்க வேண்டும், படங்கள் எதில் திறக்க வேண்டும் என்பதும் இதே கோப்பில்தான் இருக்கிறது. ஆகவே பூட்டினால் எல்லாம் சேர்ந்தே பூட்டப்படும். மைத்துனருக்கு அது பிடித்துத்தான் இருக்கிறது. வீட்டில் நான் பூட்டுவதில்லை.

கேடிஇ தளத்தில் நான் அதிகம் புழங்கியதில்லை. அங்கே கோப்பு இணைப்புகள் என்று அமைப்புகளில் தனிப் பகுதியே இருக்கிறது, முன்னுரிமை வரிசையை மேலும் கீழும் நகர்த்தலாம். பார்த்த அளவில் அது நன்றாகவே இருக்கிறது. அதன் கோப்பு மேலாளரான டால்ஃபினைப் பயன்படுத்துவோர் கையால் திருத்தப் போகும்முன் அங்கே பார்க்கட்டும்.

மூன்று வழிகளும் சேர்ந்து தோற்கும் இடம் ஒன்று உண்டு. ஃபயர்ஃபாக்ஸில் பதிவிறக்கியதை அது இருக்கும் கோப்புறையில் காட்டச் சொன்னால், அது இந்தப் பட்டியலை நேராகப் பார்ப்பதில்லை. கோப்பு மேலாளர் சேவை என்று, செயலிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் டி-பஸ் வழியாக ஒரு பொதுப்பெயரை அழைக்கிறது. நாட்டிலஸ், நீமோ, துனார் என எல்லாமே அந்தப் பெயருக்குப் பதில் சொல்லக்கூடியவை. இரண்டு கோப்பு மேலாளர்கள் நிறுவப்பட்டிருந்தால், பட்டியலில் துனாரை முதலில் வைத்திருந்தும் உலாவியிலிருந்து நீமோ திறக்கலாம். மைம்ஆப்ஸ் பட்டியலை எத்தனை முறை திருத்தினாலும் இது மாறாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மேலாளர் அந்தப் பெயரைப் பிடித்துவைத்திருந்தால் அதுவே பதில் சொல்லும். அதனால் வேலை தொடங்கும்போதே துனாரைத் திறந்து வைத்துக்கொள்வது கடையில் இப்போது நடைமுறை.