முதல் பைக் ரேஸுக்கு சூட், ஹெல்மெட் வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

போன மாதம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் என் முதல் ரேஸ், நோவிஸ் (புதியவர்கள்) பிரிவு. அதற்காக சூட், ஹெல்மெட், கிளவுஸ் மூன்றும் ஒரே கடையில் 41,500 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்றில் ஒன்றுகூட உருப்படியில்லை. புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் அடுத்த ரேஸுக்குள் இன்னும் நாலு பேர் இதே மாதிரி மாட்டிக்கொள்ளக் கூடாது.

இன்ஸ்டாகிராமில் படம் பார்த்துத்தான் போனேன். கடைக்காரர் நன்றாகவே பேசினார். "நம்ம பசங்க எல்லாம் இதுதான் தம்பி போடுறாங்க" என்றார். அளவு எடுத்துக்கொண்டு, முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, 3 வாரம் என்றார். 5 வாரம் ஆனது. சூட் கைக்கு வந்தது ரேஸ் வாரத்தின் வியாழக்கிழமை சாயங்காலம். மறுநாள் காலை ஸ்க்ரூட்டினி, அதாவது ரேஸுக்கு முன் நடக்கும் பாதுகாப்புச் சோதனை. திருப்பிக் கொடுக்கவோ வேறு வாங்கவோ நேரமே இல்லை. இப்படித் தள்ளிப்போடுவதே அவர் வழக்கம் என்று பிறகு இரண்டு பேர் சொன்னார்கள்.

ஸ்க்ரூட்டினியில் இருந்த பெரியவர் ஹெல்மெட்டின் பின்னால் மின்னிய இ.சி.இ. (ஐரோப்பியப் பாதுகாப்புத் தரம்) ஸ்டிக்கரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகத் தாடைப் பட்டையைத் திருப்பினார். உண்மையான இ.சி.இ. ஹெல்மெட்டில் சின்னத் துணி லேபிள் அந்தப் பட்டையிலேயே தைத்திருக்கும். வட்டத்துக்குள் 'இ' என்ற ஆங்கில எழுத்தும் ஒரு நாட்டின் எண்ணும், கீழே அனுமதி எண்ணும் இருக்கும். 22.06 தரம் என்றால் அந்த எண் 06 என்று தொடங்கும், பழைய 22.05 என்றால் 05. என் பட்டையில் வெறும் நூல்தான் இருந்தது. அப்புறம் கன்னத்துப் பஞ்சைக் கழற்றி, உள்ளே இருந்த தெர்மோகோலைக் கட்டைவிரலால் லேசாக அழுத்திக் காட்டினார். அப்படியே குழி விழுந்தது. போதாததற்கு, இரட்டை வளையம் இருக்க வேண்டிய இடத்தில் டிக் என்று மாட்டும் கிளிப். "தம்பி, இதைப் போட்டுக்கிட்டு உன்னை உள்ளே விட்டா, ராத்திரி எனக்குத் தூக்கம் வராது" என்றார். அவர் மட்டும் அன்று கண்டிப்பாக இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

பக்கத்து பிட்டில் (வண்டியை நிறுத்தித் தயார் செய்யும் இடம்) இருந்த ஒரு அண்ணன் தன்னிடம் இருந்த இன்னொரு ஹெல்மெட்டைக் கொடுத்தார். சூட் வெளிப்பார்வைக்குச் சரியாக இருந்ததால் தேறிவிட்டது. அங்கேதான் எனக்கு அடி.

இரண்டாவது பிராக்டிஸில், மெதுவாகப் போகும் ஒரு வளைவில் முன் சக்கரம் வழுக்கியது. 60 கி.மீ. வேகம்கூட இருக்காது. அந்த வேகத்தில் விழுந்தால் நல்ல சூட்டில் கீறலோடு எழுந்து வந்துவிடலாம். எனக்கோ இடது முழங்கையில் தையல் நாலு விரல் அகலத்துக்குப் பிளந்துவிட்டது. பார்த்தால் ஒற்றைத் தையல், அதுவும் வெளியே தெரியும்படி. ரேஸ் சூட்டில் அடிபடும் இடங்களில் இரண்டு மூன்று வரிசை போட்டு, அதில் ஒன்றையாவது உள்ளே மறைத்துத் தைக்க வேண்டும். வெளித் தையல் ரோட்டில் தேய்ந்து போனாலும் உள்தையல் தாங்கும். கையின் உள்பக்கம் தோலே இல்லை, ரெக்சின். அது உரசிய வெப்பத்தில் உருகிச் சதையோடு ஒட்டிக்கொண்டது. ஆம்புலன்ஸில் இருந்த அக்கா உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி, இடுக்கியால் துணுக்குத் துணுக்காக எடுத்தார். முழங்கைக்கான ஆர்மர் (அடி தாங்கும் காப்பு) என்று உள்ளே வைத்திருந்தது மெத்தைக்குப் போடும் ஸ்பாஞ்ச். அதுவும் இடம் நகர்ந்து மணிக்கட்டுப் பக்கம் போய்விட்டிருந்தது.

நிஜமான ஆர்மரை வெளியே எடுத்துப் பார்த்தால், அதன் மேலேயே பைக் ஓட்டுபவர் படமும் இ.என். 1621-1 என்ற ஐரோப்பியத் தர எண்ணும் பதித்திருக்கும். முதுகுக்கு 1621-2. அதில் லெவல் 1, லெவல் 2 என்று உண்டு. ஒரே அளவு அடிக்கு லெவல் 1 சராசரியாக 18 கிலோநியூட்டன் விசை வரை உடம்புக்குக் கடத்தலாம், லெவல் 2 என்றால் 9தான். முதுகுக்கு மட்டும் லெவல் 2 வேறு கடையில் வாங்கிப் போட்டிருந்தேன். முதுகில் ஒரு சிராய்ப்பும் இல்லை. கிளவுஸைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, உள்ளங்கை கிழிந்து போனது. ஞாயிற்றுக்கிழமை ரேஸை கையில் கட்டோடு கேலரியில் உட்கார்ந்து பார்த்தேன்.

திங்கட்கிழமை கடைக்குப் போனால், "கீழே விழுந்தா கிழியத்தான் செய்யும் தம்பி" என்கிறார். விழும்போது கிழியாமல் இருக்கத்தானே அத்தனை பணம் கொடுத்து வாங்குகிறோம்? ஹெல்மெட்டைப் பற்றிக் கேட்டதற்கு, ரோட்டுக்குப் போட்டுக்கோ என்றார். அதில் ஐ.எஸ்.ஐ. முத்திரைகூட இல்லை. 2021 ஜூன் 1 முதல் அந்த முத்திரை இல்லாத பைக் ஹெல்மெட்டை இந்தியாவில் விற்பதே குற்றம். கையில் இருந்த பில்லில் 'ரைடிங் ஆக்ஸசரீஸ்' என்று ஒற்றை வரி, ஜி.எஸ்.டி. எண் கிடையாது. அங்கே நான் கோட்டை விட்டேன். பில்லில் பொருளின் பெயர், தரம், ஒப்படைக்கும் தேதி மூன்றும் எழுதித் தராதவரிடம் முன்பணமே கொடுக்காதீர்கள். ரேஸுக்கு ஒரு மாதம் முன்பாவது எல்லாம் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்திருக்கிறேன். சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சூட்டைத் துவைக்காமல், கிழிந்தபடியே ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த சுற்றுக்குப் போகிறவர்கள் யாருக்காவது வாங்கிய பொருளில் சந்தேகம் இருந்தால், ஹெல்மெட் பட்டையின் உள்பக்கத்தையும் சூட்டின் முழங்கைத் தையலையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். அந்த ஸ்க்ரூட்டினி பெரியவரிடமே காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.