ஜிப்ஸியின் பின் ஆக்சில் 12 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது: ஏழு வருட அனுபவம்

என்னிடம் இருப்பது 2009 மாடல் மாருதி ஜிப்ஸி கிங். 2017-இல் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வேலைக்கும், மாதம் இரண்டு தடவை வால்பாறை போய் வரவும்தான் வண்டி. இதுவரை 60,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டேன். 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் ஒரு நாளும் நடுவழியில் நிறுத்தியதில்லை, மைலேஜ் 10, 11 வரும், நாலு பக்கமும் பிளேட் ஸ்பிரிங் என்பதால் குலுக்கும். இதெல்லாம் ஜிப்ஸி வாங்குகிற யாருக்கும் தெரிந்ததுதான். நான் எழுத வந்தது இரண்டு வருடம் என்னை அலைய வைத்த பின் ஆக்சில், அதாவது இரண்டு பின் சக்கரங்களையும் தாங்கும் அச்சு, பிரச்சினையைப் பற்றி.

2021-இல் பின் ஸ்பிரிங் தாழ்ந்துபோயிருந்தது. தேங்காய் ஏற்றுவதால் ஒரு பட்டறையில் கொடுத்து பிளேட்டுகளைப் பிரித்து, வளைவு ஏற்றி, கூடுதலாக ஒரு பிளேட்டும் போட்டு வாங்கினேன். வண்டி நன்றாக நிமிர்ந்தது, சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஒரு மாதம் கழித்து வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்கும்போது, அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில், பிரேக்கில் கால் வைத்தாலே வண்டி வலப்பக்கம், அதாவது எதிரே வண்டி வருகிற பக்கம், மெல்ல ஒதுங்கியது. ஏறும்போது அப்படி எதுவும் இல்லை. பிரேக் ஷூவில் கோளாறு என்று நினைத்து அதை மாற்றினேன். சரியாகவில்லை. டயரை இடம் மாற்றிப் பார்த்தேன், அதுவும் இல்லை. அப்புறம் சமதளத்திலும் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பிப் பிடித்தால்தான் நேராகப் போகிற நிலைமை வந்தது.

வீல் அலைன்மென்ட் மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் முன் சக்கரத்தின் டோ, அதாவது சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பி நிற்கிற அளவு, சரியாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். ஒரு கடையில் டிராக் லிங்க்கை (ஸ்டீயரிங்கிலிருந்து முன் சக்கரத்துக்குப் போகிற கம்பி) திருகி ஸ்டீயரிங் வீலை நேராக்கிக் கொடுத்தார்கள். வீல் நேரானது, வண்டி நேராகவில்லை. பின்னால் பாருங்கள் என்று கேட்டதற்கு, "அது ஒரே கட்டை ஆக்சிலுங்க, அதுக்கு அலைன்மென்ட் கிடையாது" என்று பதில். திருகிச் சரிசெய்ய அதில் ஒன்றும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஆக்சில் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. டயரும் காட்டிக்கொடுக்கவில்லை. டோ சரியாக இருந்ததால் நாலு டயரும் ஒரே சீராகத்தான் தேய்ந்தன. டயர் தேய்மானத்தை வைத்து மட்டும் முடிவு செய்தால் இந்தக் கோளாறு கண்ணில் படாது.

2023-இல் ஒரு நாள் பின்னால் பைக்கில் வந்த ஒருவர் நிறுத்தி, "ஏனுங்க, வண்டி கோணலாப் போகுதுங்களே, வலது பக்கம் முன் டயர் வெளிய தெரியுதுங்க" என்றார். எனக்குத் திக்கென்றது. அன்று சாயங்காலமே தோப்பில் கொப்பரை காயவைக்கிற சிமென்ட் களத்தில் தண்ணீரை ஊற்றி, அதன் மேல் ஏற்றி, உலர்ந்த தரையில் நேராக ஓட்டிப் பார்த்தேன். நாலு டயர் தடமும் ஈரமாகத் தெளிவாக விழுந்தது. இடப்பக்கம் பின் டயர் தடம் ஒரு விரல் அகலத்துக்கு மேல் வெளியே, வலப்பக்கம் முன் டயர் தடம் வெளியே.

வீட்டு வேலைக்கு வந்திருந்த மேஸ்திரியிடம் தூக்குக்குண்டும் நூலும் வாங்கிக்கொண்டேன். பின் ஸ்பிரிங்கின் முன் கண் போல்ட், அதாவது அதன் முன் முனை வளையத்தில் போகிற போல்ட், சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) அசையாமல் நிற்கிற இடம், அதனால் அளவை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும், ஷேக்கிள் என்கிற ஆடும் இணைப்பு இருக்கிற பின் முனையிலிருந்து எடுக்கவே கூடாது. இரண்டு பக்கமும் அந்த போல்ட்டின் நடுவிலிருந்தும், ஆக்சில் குழாயின் இரு முனையிலிருந்தும் குண்டை இறக்கி, தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்து, வண்டியைத் தள்ளிவிட்டு, போல்ட் புள்ளியிலிருந்து ஆக்சில் புள்ளி வரை டேப் போட்டேன். வலது பக்கத்தைவிட இடது பக்கம் 12 மி.மீ. அதிகம். அப்புறம் சேஸிஸின் நாலு ஸ்பிரிங் போல்ட்டுகளுக்குக் குறுக்கு அளவு எடுத்ததில் வித்தியாசம் 2 மி.மீ.தான், ஆக சேஸிஸ் வளையவில்லை. முன் ஆக்சிலும் தன் இடத்தில் இருந்தது. பின் டயர்களுக்கு இடையே முன்புறமும் பின்புறமும் ஒரே அளவு, அதனால் ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங்கும் வளையவில்லை. மிஞ்சியது ஆக்சில் நகர்ந்தது ஒன்றுதான்.

12 மி.மீ. என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஜிப்ஸியின் பின் டிராக், அதாவது இரண்டு பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம், 1310 மி.மீ., ஒரு முனை 12 பின்னால் போனால் ஆக்சில் அரை டிகிரி திரும்பிவிடுகிறது. முன் ஆக்சிலிலிருந்து பின் ஆக்சில் வரையான வீல்பேஸ் 2375 மி.மீ. நீளத்துக்கு அந்த அரை டிகிரி போய்ச் சேரும்போது பின் சக்கரங்கள் 22 மி.மீ. இடப்பக்கம் விலகி ஓடும். பின் ஆக்சில் வண்டியை இடப்பக்கம் தள்ள, மூக்கு வலப்பக்கம் திரும்பும். பிரேக் பிடித்தால் தரை சக்கரத்தைப் பின்னால் இழுக்கும், தளர்ந்த பக்கம் இன்னும் பின்னால் போகும். இறக்கத்தில் மட்டும் முதலில் தெரிந்ததற்குக் காரணம் அதுதான்.

மறுநாள் சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, மண்ணெண்ணெய் போட்டு, ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டுகிற இடது யூ போல்ட் பக்கம் துடைத்தேன். ஆக்சிலின் ஸ்பிரிங் உட்காரும் இடத்தை ஒட்டி, துருவுக்கு நடுவே ஒரு விரல்கடை நீளத்துக்குப் பளபளவென்று உரசல். யூ போல்ட்டைக் கழற்றி ஸ்பிரிங்கை இறக்கியதும், பிளேட்டுகளின் நடுவே போய் ஆக்சிலை இடத்தில் நிறுத்துகிற சென்டர் போல்ட்டின் தலை மட்டும் தனியாகக் கையில் விழுந்தது. உடைந்த முகத்தில் பாதி கறுத்துத் துருப்பிடித்திருந்தது, மீதி வெள்ளையாக இருந்தது. ரொம்ப நாளாக விரிசல் விட்டு, கடைசியில்தான் முழுதாக அறுந்திருக்கிறது. பட்டறையில் பழைய யூ போல்ட்டுகளையே திரும்பப் போட்டிருந்தார்கள். அவை நீண்டு மரையும் தேய்ந்துபோனவை. பிளேட்டை இறுக்கிப் பிடிப்பது யூ போல்ட்டின் வேலை, அது தளர்ந்தால் மொத்தச் சுமையும் அந்தச் சின்ன சென்டர் போல்ட் மேல் விழும்.

ஆக்சிலில் அந்த போல்ட் தலை உட்காரும் ஓட்டை நீள்வட்டமாகப் போயிருந்தது. அதை வெல்டிங் வைத்து அடைத்து, சரியான அளவுக்கு மறுபடி துளை போட லேத்துக்காரர் அரை நாள் எடுத்துக்கொண்டார். நிதானமாகச் செய்தார், அந்த வேலையில் அவசரப்பட்டிருந்தால் எல்லாம் வீண். இரண்டு பக்கமும் புது சென்டர் போல்ட், நாலு புது யூ போல்ட், புது புஷ். நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக, நாலு கட்டமாக இறுக்கினோம். மறுபடி தூக்குக்குண்டு போட்டபோது வித்தியாசம் 1 மி.மீ. அதற்குப் பிறகுதான் அலைன்மென்ட் கடைக்குப் போய் ஸ்டீயரிங்கை நடுவுக்குக் கொண்டுவந்தேன். 500 கிலோமீட்டரில் திரும்ப இறுக்கிப் பார்த்தால் ஒவ்வொரு நட்டும் கால் சுற்று போனது. 2021-இலும் யாராவது இதைச் செய்திருந்தால் சென்டர் போல்ட் அறுந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

பழைய ஜிப்ஸி, ஜீப் பார்க்கப் போகிறவர்கள் பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு பக்கமும் கண் போல்ட்டிலிருந்து ஆக்சில் வரை அளக்க ஐந்து நிமிடம்தான் ஆகும். மலையில் குடும்பத்தை நம்பி ஏற்றிக்கொண்டு போகிற வண்டி.

என் வண்டியில் இப்போது ஒவ்வொரு நட்டிலிருந்தும் அடித்தட்டு வரை வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். மலையேறி வந்ததும் டார்ச் அடித்துப் பார்ப்பேன். 9,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது, கோடு இன்னும் ஒன்றாகத்தான் இருக்கிறது.