புது வீட்டின் முதல் வருடம்: உடனே மாற்றுவதா, பொறுத்துப் பார்ப்பதா?

வீடு வாங்கி சாவி கைக்கு வந்ததும் இரண்டு விதமான யோசனைகள் வந்து குவியும். "குடிபோகும் முன்பே எல்லா வேலையையும் முடித்துவிடு, அப்புறம் முடியாது" என்பார்கள் சிலர். "ஒரு வருடம் இருந்து பார், பிறகு கை வை" என்பார்கள் மற்றவர்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

காலி வீட்டில் வேலை செய்வது சுலபம் என்பது உண்மைதான். சுவரை வெட்டி வயர் இழுப்பது, தரையைப் பெயர்ப்பது போன்றவற்றைச் சாமான் வந்தபின் செய்தால் அலைச்சலும் செலவும் கூடும், தூசி எல்லா அறைக்கும் போகும். ஆனால் வெயில் எந்த ஜன்னலில் சுடும், சாரல் எந்தப் பக்கம் அடிக்கும், அலமாரி எங்கே இருந்தால் கைக்கு வரும் என்பதெல்லாம் குடியிருந்தால்தான் தெரியும். அதனால் என் கணக்கு இப்படி: கரண்ட், தண்ணீர், கூரை, பூட்டு ஆகியவை உடனே. அலமாரி, வண்ணம், தடுப்புச் சுவர், தோட்டம் எல்லாம் எல்லாப் பருவத்தையும் ஒருமுறை பார்த்த பிறகு.

ஈரச் சுவர்: மேலே பூசுவதா, மூலத்தைத் தேடுவதா?

முதல் வருடத்தில் அதிகம் பணம் வீணாவது இதில்தான். உள்பக்கம் நீர்த்தடுப்புப் பூச்சு அடித்து அதன் மேல் பெயின்ட் அடிப்பது சீக்கிரம் முடியும், பார்க்கவும் பளிச்சென்று இருக்கும். ஆனால் செங்கல்லும் காரையும் நுண்துளைகள் வழியாக நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த நீர் காயும்போது அதிலுள்ள உப்பு படிகமாகிக் காரையை உள்ளிருந்து தள்ளும். வெள்ளையாக உப்புப் பூப்பதும், பெயின்ட் கொப்புளம் விட்டு உரிவதும் அதனால்தான். மூலம் அப்படியே இருக்க, மேலே எத்தனை பூச்சு அடித்தாலும் நிற்காது.

தேடுவதற்குப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ஈரம் இருக்கும் இடமே பாதி சொல்லிவிடும். தரையிலிருந்து மேலே ஏறியிருந்தால் மண்ணின் ஈரமாக இருக்கலாம். கூரையை ஒட்டி இருந்தால் மேலே நீர் தேங்குகிறதா, வடிகுழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுவரின் நடுவில் திட்டாக இருந்தால் உள்ளே குழாய் ஓடுகிறதா, மறுபக்கம் குளியலறையா, ஜன்னல் விளிம்பு உள்பக்கமாகச் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

செலவே இல்லாத ஒரு சோதனையும் உண்டு. ஈரத் திட்டின் மேல் பாலித்தீன் தாளை வைத்து நான்கு ஓரத்தையும் டேப்பால் இடைவெளியில்லாமல் ஒட்டி, ஓரிரு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர் முத்து முத்தாக நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்து படிவது. அதற்கு நீர்த்தடுப்புப் பூச்சே வேண்டாம். ஜன்னலைத் திறப்பதும், காற்றை வெளியே தள்ளும் விசிறி வைப்பதும் போதும்.

விரிசல்: அடைப்பதா, கண்காணிப்பதா?

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, முதலில் கண்காணிப்புதான். புதுக் காரை காயும்போது சுருங்குவதால் வரும் முடி அளவு விரிசல்கள் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. களிமண் நிலமாக இருந்தால் நனையும்போது மண் விரியும், காயும்போது சுருங்கும். ஆகவே ஈரப் பருவம், வறண்ட பருவம் இரண்டையும் பார்க்காமல் அடைத்தால் அதே இடத்தில் மறுபடி வாய் பிளக்கும். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியையும் அகலத்தையும் எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டி நீண்டால், அகலம் 5 மில்லிமீட்டரைத் தொட்டால், செங்கல் இணைப்புகளில் படிக்கட்டு போல ஏறினால், கதவு திடீரென்று இறுக ஆரம்பித்தால், பூசுகிறவரை அல்ல, கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

நாமே செய்வதா, ஆளைக் கூப்பிடுவதா?

தப்பாகப் போனால் என்ன ஆகும் என்று கேட்டாலே பதில் வந்துவிடும். குழாய் வாஷர் மாற்றுவது நம் வேலை. நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய் ஒரு வருடத்தில் ஏறக்குறைய 11,000 லிட்டர் நீரை விழுங்கும், அதற்காக ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஃப்ளஷ் தொட்டியில் கொஞ்சம் வண்ணப்பொடி கலந்து, ஃப்ளஷ் செய்யாமல் பத்து நிமிடம் விடுங்கள். கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் உள்ளே கசிகிறது. எல்லாக் குழாயையும் மூடியபின் தண்ணீர் மீட்டர் நகர்ந்தாலும் எங்கோ கசிவுதான். மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். அதை அவ்வப்போது திருப்பியும் பார்க்க வேண்டும், இல்லையென்றால் தேவைப்படும் நாளில் இறுகிப்போய் நிற்கும்.

மின் பெட்டி, எரிவாயுக் குழாய், உயரமான கூரை மூன்றிலும் கை வைக்காதீர்கள். அங்கே மிச்சமாகும் கூலி உயிருக்கு ஈடாகாது.

கடனை அடைப்பதா, கையிருப்பு வைப்பதா?

கணக்குப்படி பார்த்தால் கடனை முன்கூட்டி அடைப்பதே லாபம். மீதமுள்ள அசலுக்குத்தான் வட்டி என்பதால், ஆரம்பத்தில் கட்டும் கூடுதல் தொகை அதிக வட்டியை மிச்சப்படுத்தும். ஆனாலும் முதல் வருடத்தில் நான் கையிருப்பின் பக்கம்தான். கடனில் போட்ட பணத்தை அவசரத்துக்குத் திரும்ப எடுப்பது கடினம். கூரை ஒழுகும் நேரத்தில் கையில் இல்லையென்றால் வீட்டுக்கடனைவிட அதிக வட்டிக்கு வெளியே வாங்க நேரும். வீட்டு மதிப்பில் வருடத்துக்கு 1 சதவீதம் பராமரிப்புக்கு ஒதுக்குவது பலரும் சொல்லும் தோராயக் கணக்கு. பழைய வீடென்றால் அது போதாது. அந்தத் தொகை தனியாகச் சேர்ந்த பிறகு, முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்று கடன் ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டு, மிச்சத்தை அசலில் கட்டத் தொடங்கலாம்.