ஆறு மாதம் தாக்குப்பிடிக்கும் பிரைவசி பிரவுசர் எது?

எந்த பிரவுசரையும் ஒரு வாரம் ஓட்டிவிடலாம். இரண்டாம் மாதம் ஏதாவது ஒரு கட்டணப் பக்கம் பாதியில் சுற்றிக்கொண்டே நிற்கும். அவசரத்துக்கு குரோமைத் திறப்போம், அப்படியே அங்கேயே தங்கிவிடுவோம். அதனால் எது எவ்வளவு தடுக்கிறது என்பதைவிட, பக்கம் உடைந்தால் எத்தனை கிளிக்கில் சரிசெய்யலாம் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. அந்தக் கணக்கில் டெஸ்க்டாப்புக்கும் ஆண்ட்ராய்டுக்கும் ஃபயர்பாக்ஸ், கூடவே விளம்பரங்களையும் டிராக்கர்களையும் (நம் உலாவலைப் பின்தொடரும் நிரல்கள்) தடுக்கும் யுபிளாக் ஆரிஜின் என்ற எக்ஸ்டென்ஷன். அவசரத்துக்கு மாற்றாக பிரேவ். ஐபோனுக்கு சஃபாரியே போதும்.

குரோமை விட்டதற்குக் காரணம் உண்டு. மூன்றாம் தரப்பு குக்கீகளை (பார்க்கும் தளம் அல்லாத பிற நிறுவனங்கள் பிரவுசரில் வைக்கும் அடையாளக் கோப்புகள்) ஒழிப்பதாகச் சொல்லிவந்த கூகுள், 2024 ஜூலையில் அதைக் கைவிட்டது. எக்ஸ்டென்ஷன்களுக்கான புதிய விதிமுறையான மேனிஃபெஸ்ட் வி3 வந்தபின் பழைய யுபிளாக் ஆரிஜின் குரோமில் ஓடுவதில்லை; லைட் பதிப்புதான் கிடைக்கும்.

ஃபயர்பாக்ஸ் 2022 ஜூனிலிருந்து டெஸ்க்டாப்பில் ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனி டப்பாவில் போட்டு வைக்கிறது. ஒரு தளத்தில் ஒட்டிக்கொண்ட டிராக்கரால் அடுத்த தளத்தில் உங்களை அடையாளம் காண முடியாது. நிறுவியதும் செட்டிங்ஸில் பிரைவசி பக்கத்துக்குப் போய் கண்காணிப்புத் தடுப்பை ‘ஸ்ட்ரிக்ட்’ ஆக்குங்கள். அதே பக்கத்தில் டேட்டா சேகரிப்பு டிக்குகள் இருக்கும், எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை பார்ப்பதும் நல்லது: 2024 ஜூலையில் வந்த 128-ஆம் பதிப்பு, விளம்பர அளவீட்டுக்கான ஒரு டிக்கைக் கேட்காமலே போட்டு வைத்திருந்தது.

பக்கம் வேலை செய்யவில்லையா? முகவரிப் பட்டையின் இடப்பக்கம் இருக்கும் கேடயத்தை அழுத்தி அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பை அணையுங்கள். அப்போதும் நகரவில்லை என்றால் யுபிளாக்கின் பெரிய பவர் பட்டனை அழுத்தி, ரீலோட் செய்யுங்கள். பெரும்பாலான சிக்கல் இந்த இரண்டில் தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால்தான் பிரேவ்.

மூடும்போது குக்கீயை அழிக்கும் வசதியைப் போட்டால் ஒரு சின்னப் பொறி காத்திருக்கும். லாகின் நிலைக்கட்டும் என்று மெயில் தளத்தை விதிவிலக்கில் சேர்த்திருப்பீர்கள். மறுநாள் திறந்தால் மறுபடி பாஸ்வேர்ட் கேட்கும். பல சேவைகளில் லாகின் நடப்பது வேறொரு துணை டொமைனில். லாகின் பக்கம் திறந்திருக்கும்போது முகவரிப் பட்டையில் என்ன இருக்கிறதோ, அதையும் சேர்க்க வேண்டும்.

திரை அளவு, எழுத்துரு போன்ற விவரங்களை வைத்து உங்களை அடையாளம் காண்பதற்கு ஃபிங்கர்பிரின்டிங் என்று பெயர். அதைத் தடுக்கும் ரெசிஸ்ட் ஃபிங்கர்பிரின்டிங் என்ற வசதியை, ஃபயர்பாக்ஸின் உள் அமைப்புப் பக்கமான அபவுட்:கான்ஃபிக்கில் ஆன் செய்யச் சொல்லும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன. தினசரி பிரவுசரில் வேண்டாம். நேர மண்டலம் யுடிசி (உலகப் பொது நேரம்) என்று தளங்களுக்குச் சொல்லப்படும், காலண்டரில் கூட்ட நேரம் மணிக்கணக்கில் நகர்ந்து நிற்கும். புரொஃபைல் படத்தை வெட்டி ஏற்றினால் முகத்துக்குப் பதில் வண்ணக் கோடுகள் போய்ச் சேரும்; படத்தைக் கையாளும் கேன்வாஸிலிருந்து தளம் படிக்கும்போது பிரவுசர் வேண்டுமென்றே குப்பையைக் கொடுப்பதால் வரும் வினை அது. ஃபயர்பாக்ஸை மாற்றி உருவாக்கிய லிப்ரவுல்ஃப் பிரவுசரில் இது ஆரம்பத்திலேயே ஆன். மூடினால் குக்கீயும் போய்விடும். இந்த அளவு பாதுகாப்பு தேவை என்றால், அடையாளம் மறைக்கும் டோர் பிரவுசரை உருவாக்கும் டோர் திட்டத்தோடு சேர்ந்து 2023 ஏப்ரலில் வந்த முல்வாட் பிரவுசரைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாருடையதும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதே அதன் சூத்திரம், எனவே அதில் ஒரு எக்ஸ்டென்ஷன்கூட ஏற்றாதீர்கள். லிப்ரவுல்ஃப், முல்வாட் இரண்டுக்கும் மொபைல் பதிப்பு கிடையாது.

பிரேவ் எடுத்தவுடனேயே நன்றாகத் தடுக்கும், ஆனால் கூடவே கடையும் விரிக்கும். ரிவார்ட்ஸ், வாலட் ஐகான்கள், புதிய டேபின் விளம்பரப் படம், டேட்டா சேகரிப்பில் பி3ஏ (பயன்பாட்டுப் புள்ளிவிவரம்), தினசரி பிங் (பயன்படுத்துகிறீர்கள் என்ற தகவல்) எல்லாவற்றையும் அணைக்க ஐந்து நிமிடம் ஆகும். 2020-ல் சில முகவரிகளைத் தட்டும்போது தனக்குக் கமிஷன் தரும் பரிந்துரை இணைப்பைத் தானே சேர்த்து மாட்டிக்கொண்ட பிரவுசர் இது, பிறகு நிறுத்திவிட்டார்கள். மறக்கத் தேவையில்லை.

ஆண்ட்ராய்டில் சின்னக் குழுக்கள் நடத்தும் பிரவுசர்களை நம்பி இறங்கும்முன் யோசியுங்கள். ப்ரோமைட்டின் கடைசிப் பதிப்பு 2022 டிசம்பரில் வந்தது, மல் 2024 டிசம்பரில் நின்றது. பாதுகாப்பு அப்டேட் நின்ற பிரவுசரைவிட சாதாரண பிரவுசரே மேல். ஃபயர்பாக்ஸில் ‘வெளியேறும்போது அழி’ என்பதைப் போட்டவர்கள் கவனிக்க: ஆப்பை மேலே தள்ளி மூடினால் எதுவும் அழியாது, மெனுவில் உள்ள ‘குவிட்’டை அழுத்த வேண்டும். சமூக ஊடக ஆப்களுக்குள் திறக்கும் இணைப்புகள் அந்த ஆப்பின் சொந்த ஜன்னலில் ஓடுகின்றன, யுபிளாக் அங்கே எட்டாது. அந்தந்த ஆப்பின் செட்டிங்ஸில் ‘வெளி பிரவுசரில் திற’ என்பதைத் தேடிப் போடுங்கள்.

ஐபோனில் ஐரோப்பிய ஒன்றியம் போன்ற சில இடங்கள் தவிர எல்லா பிரவுசருக்கும் உள்ளே சஃபாரியின் இன்ஜினான வெப்கிட்தான். ஃபயர்பாக்ஸ் அங்கே எக்ஸ்டென்ஷன் ஏற்காது. சஃபாரியின் அட்வான்ஸ்ட் பகுதியில் உள்ள ஃபிங்கர்பிரின்ட் தடுப்பு, பிரைவேட் டேபுக்கு மட்டும் இல்லாமல் எல்லா உலாவலுக்கும் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புக்மார்க், பாஸ்வேர்டை எல்லாக் கருவிகளிலும் ஒன்றாக வைக்கும் சிங்க் போடுகிறவர்களுக்கு ஒன்று. பிரேவில் கணக்கு கிடையாது, ஒரு சொல்வரிசைதான் சாவி. எல்லாக் கருவியும் போய் அதுவும் இல்லை என்றால் புக்மார்க்குகளும் போயின. ஃபயர்பாக்ஸில் பாஸ்வேர்டை மறந்து ரீசெட் செய்தால் சர்வரில் உள்ளது அழிந்துவிடும், எனவே கணக்குப் பக்கத்தில் ரெகவரி கீயை எடுத்து ஒரு தாளில் அச்சிட்டு வையுங்கள்.