கோத்தகிரியில் மாத வாடகைக்கு ஒரு வீடு: நான்கு ஸ்டார்

லேப்டாப்பில் வேலை பார்க்கிறவர்கள் இப்போது வியட்நாமில் டா லாட், தாய்லாந்தில் சியாங் மாய் என்று மலையூராகப் பார்த்துப் போய் உட்காருகிறார்கள். நானும் டா லாட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்தவன்தான். போய் வந்தவர்கள் எல்லோரும் குளிரையும் காபியையும் புகழ்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு, அங்கே மாத வாடகை என்று ஒன்று உண்டு. கட்டில், அடுப்பு, வைஃபை எல்லாம் சேர்த்து மாதத்துக்கு இவ்வளவு, கொடுத்துவிட்டுக் குடியேறிவிடலாம். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ கேட்டுப் பாருங்கள், ஒரு ராத்திரி வாடகையை முப்பதால் பெருக்கிச் சொல்வார்கள், முகத்தைச் சுளித்தால் "பத்து பர்சென்ட் குறைச்சுக்கலாம் சார்" என்று பெரிய மனது பண்ணுவார்கள்.

நான் தங்கிய இந்தக் கோத்தகிரி வீட்டில் அந்தக் கணக்கு இல்லை. மாதம் 18,000 ரூபாய், ஒரு மாத அட்வான்ஸ், கரண்டுக்குத் தனி மீட்டர் (கீசரைப் பார்த்துப் போடுங்கள்). ஜான்ஸ்டன் ஸ்கொயரிலிருந்து ஆட்டோவில் வந்துவிடலாம். முன்னால் தேயிலைத் தோட்டம், பின்கட்டில் வீட்டுக்கார அக்காவின் குடும்பம்.

மலையில் மாதக்கணக்கில் இருக்கிறவனுக்கு வியூ எல்லாம் ஒரு வாரம்தான், அப்புறம் துணி காய்கிறதா என்பதுதான் கவலை. கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கும். ஐப்பசி, கார்த்திகையில் பீரோவுக்குள் தொங்கும் பெல்ட்டில் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும், ஜீன்ஸ் மற்ற இடமெல்லாம் காய்ந்தாலும் இடுப்புப் பட்டையில் ஈரம் அப்படியே நிற்கும். அக்கா பின்பக்கம் தகரக் கொட்டகை போட்டு, வெந்நீர் அடுப்புக்கு மேலே தள்ளிக் கொடி கட்டி வைத்திருக்கிறார். சாயங்காலம் போட்டால் காலையில் மடித்து எடுத்துக்கொள்ளலாம். சட்டையில் லேசாகப் புகை வாசனை வரும், வீடியோ மீட்டிங்கில் அது யாருக்குத் தெரியப்போகிறது?

நெட் பரவாயில்லை. பைபர் லைன், ரூட்டருக்குத் தனி யுபிஎஸ், மரம் விழுந்து கரண்ட் போனாலும் வேலை ஓடும். லைனே அறுந்தால் மொபைல் டேட்டாதான், அதற்கும் மாடி ஜன்னலோரம் போய் நிற்க வேண்டும்.

சொல்லிவைத்தால் மதியச் சாப்பாடு அக்கா வீட்டிலிருந்தே வரும். அவரைக் குழம்பு வந்த அன்று கொஞ்சம் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டா லாட்டில் கீரை வதக்கலில்கூட மீன் சாஸ் ஊற்றிவிடுவார்கள், சைவம் சாப்பிடுகிறவர்கள் அதற்கென்று இருக்கிற கடையாகத் தேடிப் போக வேண்டும்.

இருட்டின பிறகு நடை வேண்டாம். "ஆறரைக்கு மேல கேட்டைத் தாண்டாதீங்க தம்பி, கரடி சுத்துது" என்று வந்த அன்றே அக்கா சொல்லிவிடுவார். கரடியை நான் பார்க்கவில்லை, காட்டெருமையைப் பார்த்தேன். வளைவில் வழியை அடைத்துக்கொண்டு நின்றது, ஆட்டோக்காரர் ஹாரனே அடிக்காமல், லைட்டை அணைத்துவிட்டு, அது தோட்டத்துக்குள் இறங்கும் வரை பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

சொந்த வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுத்துவிட்டு வாருங்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது உண்டு. அரசு பஸ்ஸில் வந்தால் தேவையில்லை, நீலகிரிப் பதிவான டிஎன் 43 வண்டிகளுக்கும் தேவையில்லை. இதற்கே சலித்துக்கொள்கிற நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். வியட்நாம் இ-விசா அதிகபட்சம் 90 நாள், முடிந்தால் நாட்டைவிட்டு வெளியே போய்ப் புதிதாக எடுத்துக்கொண்டு வர வேண்டும். பைக் கதை இன்னும் மோசம். நம் ஆர்டிஓ தருகிற இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட் 1949 சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படியானது, வியட்நாம் ஏற்பது 1968 ஒப்பந்தத்தை. வாடகைக் கடைக்காரர் எதுவும் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடுவார், விழுந்து அடிபட்டால்தான் இன்சூரன்ஸ்காரர் கேட்பார்.

வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கும் இந்த வீட்டைத் தருகிறார்கள். தங்க வந்தவரைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் அரசுக்குத் தகவல் படிவம் (முன்பு சி ஃபார்ம் என்பார்கள்) போட வேண்டும் என்பது விதி, அக்காவின் மகன் அன்றைக்கே போட்டுவிடுகிறார். இந்த வேலைக்குச் சோம்பியே "ஃபாரினர் வேண்டாம்" என்று சொல்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, ஒரு ஸ்டார் ஏன் குறைந்தது? ஏப்ரல், மே சீசனில் இந்த வீடும் ராத்திரிக் கணக்குக்கு மாறிவிடுகிறது. அந்த இரண்டு மாத வருமானத்தை அவர்கள் ஏன் விட வேண்டும், நியாயம்தான், முதலிலேயே சொல்லியும் விடுகிறார்கள். ஆனாலும் மார்ச் கடைசியில், சமவெளியில் வெயில் கொளுத்த ஆரம்பிக்கிற நேரமாகப் பார்த்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு கீழே இறங்க வேண்டியிருக்கிறது. பாத்திரம், கம்பளியை எல்லாம் கொட்டகையில் போட்டுவிட்டுப் போகலாம், அதற்குக் காசு வாங்குவதில்லை. ஜூனில் திரும்பி வருவதாக இருந்தால் கிளம்பும்போதே அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள், வாய்வார்த்தைக்கு வீட்டை நிறுத்தி வைக்க மாட்டார்கள்.