அலுவலகத் தொலைபேசி: செம்புக் கம்பியா, இணையமா?

கரூரில் எங்கள் வீட்டுத்துணி ஏற்றுமதி நிறுவனம் மூன்று கட்டடங்களில் இயங்குகிறது: சாலையோரம் அலுவலகம், அதன் பின்புறம் தையல் கூடம், சற்றுத் தள்ளிச் சரக்குக் கிடங்கு. மூன்றுக்கும் சேர்த்து 22 எக்ஸ்டென்ஷன்களை (உள் தொலைபேசி இணைப்புகளை) பல ஆண்டுகள் தாங்கிவந்த, அலுவலகத்துக்குள் அழைப்புகளை இணைத்துவிடும் இபிஏபிஎக்ஸ் இயந்திரத்தில், மூன்று ஆண்டுகளுக்கு முன் சித்திரை மாதத்து இடிமழை ஒன்றின்போது கார்டு கருகியது. அப்படி நேர்ந்தது அது இரண்டாவது முறை. அந்த மாடல் உற்பத்தியிலேயே இல்லாததால் பழைய சந்தையில் கார்டு தேடுவதா, அல்லது குரலை இணைய முறையில் கடத்தும் ஐபி போன்களுக்கு மாறுவதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. மாறினோம். அந்த முடிவு சரியானது என்றே இன்றும் கருதுகிறேன். ஆகவே கீழே உள்ளவை நடுநிலையாளரின் சொற்கள் அல்ல.

விலையில் அனலாக், அதாவது செம்புக் கம்பியில் ஓடும் பழைய முறை, முந்துகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். சாதாரணக் கருவி ஒன்றின் விலையைப் போலப் பல மடங்கு ஐபி போனுக்கு ஆகும். குரல் தெளிவில் ஐபி முந்துகிறது: பழைய இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டும் கடத்துகிறது, ஜி.722 என்னும் குரல் குறியீட்டு முறையில் இயங்கும் ஐபி போன் 7000 ஹெர்ட்ஸ் வரை கடத்துகிறது. ஆனால் அந்தத் தெளிவு அலுவலகத்துக்குள் பேசும்போது கிடைப்பதுதான். வெளி அழைப்புகளில் பெரிதாக வேறுபாடு தெரியாது. இவ்விரண்டையும் வைத்து ஓர் அலுவலகம் முடிவெடுக்கத் தேவையில்லை.

முடிவைத் தீர்மானிக்க வேண்டியது பராமரிப்பு. அனலாக் அமைப்பில் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் இபிஏபிஎக்ஸ் கார்டிலிருந்து கிரோன் பெட்டி (கம்பிகளைப் பிரித்து இணைக்கும் பெட்டி), அங்கிருந்து தரைக்கடியில் ஓடும் கேபிள், இடையில் ஜாயின்ட், பிறகு சுவர்ப்பெட்டி, கடைசியாகக் கருவி என்று ஒரு ஜோடிக் கம்பி தனியாக ஓடுகிறது. ஐப்பசி மழையில் ஜாயின்டுக்குள் ஈரம் இறங்கினால் கிடங்கின் தொலைபேசியில் இரைச்சல் கேட்கும். பழுது எந்த இடத்தில் என்று தெரியாமல், ஒவ்வோர் இணைப்பாகப் பிரித்துச் சோதனைக் கருவியை வைத்துப் பார்த்தபடி ஆள் ஒருவர் அரை நாள் நடக்க வேண்டியிருக்கும். அந்த வேலை தெரிந்தவர்கள் எங்கள் பகுதியில் இருவர் இருந்தார்கள். ஒருவர் தொழிலை விட்டுவிட்டார். மற்றவருக்கு எந்நேரமும் வேலை இருந்ததால் நான்கு நாள் காத்திருப்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. கப்பல் நிறுவனத்தின் முகவர் கிடங்குக்கு அழைத்துக் கன்டெய்னர் நேரத்தைச் சொல்ல முடியாமல் போன அந்த நாள்களின் இழப்பு எந்த விலைப்பட்டியலிலும் வராது.

இடம் மாறுவதும் பராமரிப்பில்தான் சேரும். கொள்முதல் பிரிவு கீழ்த்தளத்திலிருந்து மாடிக்குப் போனால், அனலாக்கில் கிரோன் பெட்டியில் கம்பிகளை மாற்றிக் குத்த வேண்டும். ஐபி போனில் எண் கருவியோடு ஒட்டியிருக்கிறது. பிடுங்கி மாடியில் செருகினால் அதே எண்ணில் மணி ஒலிக்கும். மூன்று ஆண்டுகளில் ஒன்பது முறை இருக்கைகளை மாற்றியிருக்கிறோம். ஒருமுறை கூட வெளியாளை அழைக்கவில்லை.

கட்டடங்களுக்கிடையே இப்போது ஃபைபர் ஓடுகிறது. கண்ணாடி இழை வழியே மின்னலின் மின்பாய்ச்சல் பரவாது என்பதால், கிடங்கில் விழும் இடி அலுவலக இயந்திரத்தைக் கருக்கும் கதை முடிந்துவிட்டது. கணினிகளையும் ஐபி போன்களையும் இணைக்கும் லேன் கேபிளை 100 மீட்டருக்கு மேல் இழுக்கக் கூடாது என்பதும் ஃபைபர் போட இன்னொரு காரணம்.

இங்கே ஒரு நேர்மையான எச்சரிக்கையும் தேவை. அனலாக்கில் ஒரு கம்பி கெட்டால் ஒரு தொலைபேசிதான் ஊமையாகும். ஐபி அமைப்பில், போன்களின் கேபிள்களை ஒன்றிணைக்கும் சுவிட்ச் என்னும் பெட்டி கெட்டால் அதில் செருகியிருக்கும் அத்தனையும் ஒரே நேரத்தில் ஊமையாகும். அதனால் உபரி சுவிட்ச் ஒன்றை வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறோம்; அமைப்பின் செட்டிங்குகளைப் பிரதியெடுத்து மாதம் ஒருமுறை தனியே சேமிக்கிறோம். இந்த இரண்டையும் செய்ய மனமில்லாத அலுவலகம் ஐபிக்கு மாறக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அனலாக்கை ஆதரிப்பவர்கள் முதலில் சொல்வது, மின்சாரம் போனாலும் அது வேலை செய்யும் என்பது. தொலைபேசி நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்சிலுள்ள பேட்டரியிலிருந்து 48 வோல்ட் நேர்மின்சாரம் செம்புக் கம்பி வழியாகவே வருவதால், நேரடி இணைப்புக்கு அது உண்மை. இபிஏபிஎக்ஸ் இயந்திரத்துக்கு அப்பால் இருக்கும் எக்ஸ்டென்ஷன்களுக்கு அது பொருந்தாது. இயந்திரத்துக்கே மின்சாரம் வேண்டும். மேலும், தொலைபேசி நிறுவனங்கள் செம்பை அகற்றி ஃபைபர் தரும் இடங்களில் அந்த நன்மை முற்றிலும் போய்விடுகிறது, ஏனெனில் கண்ணாடி இழையில் மின்சாரம் வராது, மோடத்துக்கு நாம்தான் மின்சாரம் தர வேண்டும். அந்த மோடத்தின் பின்புறத் துளையில் பழைய கருவியைச் செருகினாலும், மோடத்தைத் தாண்டியதும் குரல் இணைய முறையில்தான் பயணிக்கிறது. பிரிட்டனில் பழைய தொலைபேசி வலையமைப்பை 2027 ஜனவரிக்குள் மூடிவிடத் தீர்மானித்திருக்கிறார்கள்.

ஆகவே மின்தடைக்கு யுபிஎஸ்தான் விடை. பிஓஇ சுவிட்ச் வைத்தால் லேன் கேபிள் வழியாகவே போன்களுக்கு மின்சாரம் போகும். 22 போன்களுக்கும் சுவிட்ச், மோடம் முதலியவற்றுக்கும் சேர்த்து எங்களுக்கு ஏறக்குறைய 170 வாட் ஆகிறது. 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று, புதிதாக இருக்கும்போது, ஆறு மணி நேரம் தாங்கியது. இப்போது அந்த அளவுக்குத் தாங்குவதில்லை. துணைமின் நிலையப் பராமரிப்புக்காக மாதம் ஒரு நாள் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிற்கும் ஊரில் இந்தக் கணக்கைப் போடாமல் இறங்கக் கூடாது. ஜெனரேட்டர் இருந்தாலும் யுபிஎஸ் வேண்டும்: மின்சாரம் மாறும் சில நொடிகளில் சுவிட்ச் அணைந்துவிட்டால், எல்லாப் போன்களும் மீண்டும் உயிர்பெறச் சில நிமிடங்கள் பிடிக்கும்.

இணைய வேகம் குறித்த அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. ஜி.711 என்னும் வழக்கமான குரல் குறியீட்டு முறையில் ஓர் அழைப்புக்கு நொடிக்கு 90 கிலோபிட்டுக்கும் குறைவாகவே செலவாகும். பத்துப் பேர் ஒரே சமயத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்டைத் தாண்டாது. தொல்லை தருவது வேகக் குறைவல்ல, தாமதமும் அதன் ஏற்றத்தாழ்வும்தான். வடிவமைப்புப் பிரிவு மாலையில் பெரிய கோப்புகளை அனுப்பும்போதெல்லாம் குரல் அறுந்து அறுந்து கேட்டது. ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்த பிறகே அது சரியானது.

பாதுகாப்பு, அனலாக் காலத்தில் நாங்கள் நினைத்தே பார்க்காத பொறுப்பு. எக்ஸ்டென்ஷன் எண்ணையே கடவுச்சொல்லாக வைத்திருந்தால், வெளியிலிருந்து நுழைந்து நம் செலவில் அயல்நாடுகளுக்கு அழைப்பவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் அயல்நாட்டு அழைப்பை இரண்டு எக்ஸ்டென்ஷன்களுக்கு மட்டும் திறந்து, இணையவழி அழைப்புகளை ஏற்படுத்தப் பயன்படும் 5060 போர்ட்டை வெளியுலகுக்கு மூடி வைத்திருக்கிறோம். வெளி அழைப்புகளுக்கான எஸ்ஐபி டிரங்கை (இணையவழி வெளி இணைப்பை) உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் மட்டுமே வாங்க வேண்டும்.

எண்ணைப் பற்றியும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். கைபேசி எண்ணைப் போல நிலவழி எண்ணை இன்னொரு நிறுவனத்துக்கு எடுத்துச்செல்லும் வசதி இந்தியாவில் இல்லை. எங்கள் 04324 எண் வாங்குவோர் எல்லோரிடமும் இருப்பதால், அதே நிறுவனத்திடமே ஃபைபர் இணைப்புக்கு மாறி, கேட்வே பெட்டி ஒன்றின் வழியாக அந்த எண்ணைப் புதிய அமைப்புக்குள் கொண்டுவந்தோம்.

ஐந்தாறு தொலைபேசிகள் மட்டும் கொண்ட, ஒரே அறைக்குள் அடங்கும் அலுவலகத்துக்கு நல்ல நிலையில் உள்ள சிறிய இபிஏபிஎக்ஸ் போதும். கெடும்வரை அதை மாற்ற வேண்டாம். எங்களுடைய ஐபி போன்கள் பழைய இயந்திரத்தைப் போல அத்தனை ஆண்டுகள் உழைக்குமா என்பதை மூன்று ஆண்டு அனுபவத்தை வைத்துச் சொல்வதற்கில்லை. வாயிற்காவலர் அறையில் மட்டும் வெயிலும் தூசும் தாங்கும் பழைய அனலாக் கருவியையே விட்டுவைத்து, ஐபி அமைப்போடு சேர்க்கும் மாற்றுப்பெட்டி ஒன்றை அதற்குப் பொருத்தியிருக்கிறோம்.