காக்கிச் சட்டையா, ஸ்கார்ஃபா, பனங்கொட்டையா?

தங்கச்சி மகன் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டான். பள்ளிக்கூடம் பாளையங்கோட்டையில், வீடு முன்னீர்பள்ளத்தில். போன ஞாயிற்றுக்கிழமை வந்தவன், "மாமா, அடுத்த திங்கக்கெழம பேரு குடுக்கணும். என்.சி.சி.யா, சாரணரா, பசுமைப்படையா? சொல்லுங்க" என்று நின்றான். கூட வந்த தங்கச்சிக்கு ஒரே கேள்விதான்: எந்த சர்டிபிகேட்டுக்கு மதிப்பு அதிகம்?

என் அளவுகோல் வேறு. வருஷத்தில் எத்தனை நாள் பிள்ளைகளுக்கு உருப்படியான வேலை கொடுக்கிறார்கள், எத்தனை நாள் விருந்தினரை வரவேற்க வெயிலில் நிறுத்துகிறார்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன். நம்ம ஊர் வெயிலில் இது சின்னக் கணக்கில்லை.

என்.சி.சி.யில் நான் இரண்டு வருஷம் இருந்தவன், அதனால் கொஞ்சம் பாசம் உண்டு. 1948-இல் தனிச் சட்டம் போட்டுத் தொடங்கியது, பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. சீருடைச் செலவு பெரும்பாலும் அரசுடையது. பெல்ட் பக்கிளுக்கு பிராசோ போட்டுத் தேய்ப்பதும், பூட்ஸில் முகம் தெரியும்வரை பாலிஷ் போடுவதும் நம் செலவு, நம் கை வலி. கட்டளை எல்லாம் இந்தியில். என் வாழ்நாள் இந்தி அறிவு 'சாவ்தான்', 'விஷ்ராம்', 'பீச்சே முட்' என்ற மூன்றோடு முடிந்தது. முகாமில் .22 ரைபிளைத் தொட்ட அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அப்புறம், பரேடு முடிந்ததும் பூரி. அதற்காகவே வந்த பையன்கள் உண்டு, நானும் அதில் ஒருவன்.

தங்கச்சிக்கு இங்கேதான் விளக்க வேண்டியிருந்தது. பள்ளியில் இரண்டு வருஷம் ஒழுங்காக வந்து, முகாம் போய், தேர்வு எழுதினால் கிடைப்பது 'ஏ' சர்டிபிகேட். எழுத்துத் தேர்வு இல்லாமலே ராணுவ அதிகாரி நேர்முகத்துக்கு வழி விடுவது 'சி' சர்டிபிகேட். அது கல்லூரியில் கிடைப்பது, அதிலும் குறைந்தது 'பி' கிரேடு வேண்டும், பட்டமும் வேண்டும். பள்ளியில் 'ஏ' வாங்காதவர்களும் கல்லூரியில் சேர்ந்து 'பி', 'சி' என்று போகலாம். ஆக, எட்டாம் வகுப்பில் விட்டால் எல்லாம் போச்சு என்று பதறத் தேவையில்லை.

நிற்பது என்று பார்த்தால் மூன்றிலும் அதிகம் நிற்பது என்.சி.சி.தான். ஆனால் அங்கே நிற்பதே பாடம், அதனால் அதை நான் குறையாக எழுதவில்லை. எனக்கு உறுத்துவது வேறு: யோசிக்கிற வேலை எல்லாம் மேலே இருக்கிறவருடையது. இரண்டு வருஷத்தில் நானாக ஒரு முடிவு எடுத்ததாக ஞாபகமே இல்லை.

சாரணர் இயக்கம் இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. என் மகள் சாரணியரில் இருந்தாள். ஆறு, எட்டு பிள்ளைகள் ஓர் அணி, அணித் தலைவியும் அவர்களில் ஒருத்தி. கூடாரத்தை எந்தப் பக்கம் பார்த்து அடிப்பது, யார் விறகு பொறுக்குவது, சோறு குழைந்துபோனால் யாரைத் திட்டுவது, எல்லாம் அவர்கள் பாடு. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன்-பவல் 1907-இல் ஒரு தீவில் பையன்களைக் கூட்டிக்கொண்டுபோய் நடத்திய முதல் முகாமிலேயே இந்த அணி முறை உண்டு. ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் வடம் பிடிக்கிற கூட்டத்துக்கு ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள். கால் வீங்கியிருந்தது, வாய் மட்டும் ஓயவில்லை.

முடிச்சுப் போடக் கற்றுத்தருவதை நான் கேலி செய்ததுண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறியபோது, மாடியிலிருந்து கயிற்றில் வாளி இறக்கித்தான் பால் வாங்கினோம். நான் போட்ட முடிச்சு அவிழ்ந்து, வாளி பால் பாக்கெட்டோடு மிதந்து போனது. மகள் போட்டது மூன்று நாள் தாங்கியது. அதோடு கேலியை விட்டேன்.

சர்டிபிகேட் இதிலும் உண்டு. சோபான் என்று படிப்படியாக ஏறி, மாநில அளவில் ராஜ்ய புரஸ்கார், அதற்கு மேல் குடியரசுத் தலைவர் விருது. ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீடு என்று தனியாக ஆள் எடுக்கிறார்கள், அதற்குக் குடியரசுத் தலைவர் விருது வரை ஏறியிருப்பது உதவும். தங்கச்சி முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது. குறை என்ன? சீருடை, முகாம் செலவு நம் கையிலிருந்து போகும். அதைவிடப் பெரிய குறை, எல்லாம் ஒரே ஆசிரியரை நம்பி நிற்கிறது. மகள் ஒன்பதாவது படித்தபோது அந்த டீச்சர் மாறுதலில் போனார். ஒரு வருஷம் முழுக்க ஸ்கார்ஃப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

பசுமைப்படை என்பது பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றம், 2001-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தொடங்கியது. பல பள்ளிகளில் இது ஜூன் 5, சுற்றுச்சூழல் நாளுக்கு மட்டும் முழிக்கிற சங்கம். போன வருஷம் தோண்டிய அதே குழியில் இந்த வருஷக் கன்று, சுற்றி நின்று ஒரு போட்டோ, மறுவாரம் ஆட்டுக்கு விருந்து. ஆனால் மனசு வைக்கிற ஆசிரியர் கிடைத்தால், நம்ம வட்டாரத்தில் மற்ற இரண்டையும் இது தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஐப்பசி மழைக்கு முன்னால் குளத்துக்கரையில் பனங்கொட்டை ஊன்றலாம். தண்ணீர் ஊற்ற வேண்டாம், வேலி கட்ட வேண்டாம். ஜனவரியில் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், மாணவர்களும் போகலாம். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு ஒருமுறை கூட்டிப்போனால் போதும். இமயத்தைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்தும், ஊர் மரங்களில் கூடு கட்டியிருக்கிற நாரைகளும் பையனிடம் பேசிக்கொள்ளும். அங்கே சனங்கள் பறவைகளை விரட்டுவதில்லை, தீபாவளிக்கு வெடியும் வெடிப்பதில்லை. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் அது சேர்ந்ததாக 2022-இல் அறிவித்தார்கள். சர்டிபிகேட்டால் பெரிதாக ஆவது ஒன்றுமில்லை என்பதைத் தங்கச்சியிடம் மெதுவாகத்தான் சொன்னேன்.

இளம் செஞ்சிலுவைச் சங்கமும் இருக்கிறது. கட்டுப்போடுவதைக் கரும்பலகையில் படம் வரைந்து காட்டுகிற பள்ளியானால் வேண்டாம். இலக்கிய மன்றம் இவனுக்கு ஆகாது. வாத்தியார் எழுதிக் கொடுத்ததை மனப்பாடமாக ஒப்பித்துக் கோப்பை வாங்குவது பேச்சா என்று எனக்கே சந்தேகம்.

பஸ்ஸையும் பார்க்க வேண்டும். வாரநாளில் பள்ளி விட்டபிறகு வகுப்பு என்றால் வீடு வந்து சேர இருட்டிவிடும். சனிக்கிழமை காலை என்றால் கவலையில்லை.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் என் ஓட்டு சாரணருக்கு. ஆனால் ஒரு நிபந்தனையோடு. "மருமவனே, சாரை கேக்காத, ஒன்பதாங்கிளாஸ் பயலுவகிட்ட கேளு. போன வருஷம் என்ன செஞ்சீங்கன்னு மட்டும் கேட்டுட்டு வா" என்று அனுப்பினேன்.

நேற்று கணக்கோடு வந்தான். "சாரணர்ல ஒரு முகாம் மாமா. பசுமைப்படைல கூந்தன்குளம் ஒரு தடவ, பனங்கொட்ட ஒரு நாளு. என்.சி.சி.ல..." கொஞ்சம் நிறுத்தினான். "வாராவாரம் பூரி."

பரணில் பழைய பிராசோ டப்பா கிடக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.